கார் பாதியில் நின்றபோது

அன்புள்ள சார்,

போன வாரம் நண்பர்களோடு ஒரு சைக்கலாஜிக்கல் த்ரில்லர் போனேன். "மச்சி, டாக்டர்தான்டா கொலைகாரன்" என்று இடைவேளைக்கு முன்பே பக்கத்து சீட்டில் ஒருவன் சொல்லிவிட்டான். அதோடு படம் போச்சு. ஆனால் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை முடிவு தெரிந்தும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எப்படி? இன்னொன்று, இந்த மாதிரிக் கதையெல்லாம் ஏன் மலை பங்களாவிலேயே நடக்கிறது?

எஸ்., பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

ஒரு வரியில் கெடுத்துவிட முடிகிற படமென்றால் அதில் இருந்ததே அந்த ஒரு வரிதான். பக்கத்து சீட்டுக்காரரை விட்டுவிடுங்கள்.

'சைக்கோ' (1960) என்றதும் எல்லோரும் குளியலறைக் கொலையைச் சொல்வார்கள். எனக்கு அதற்குப் பிறகு வருவதுதான் பெரிய விஷயம். கொலை நடந்த விடுதியை நடத்தும் நார்மன் ரத்தத்தைக் கழுவித் துடைக்கிறான். பிணத்தைக் காரில் போட்டுச் சதுப்பில் தள்ளுகிறான். எதையோ கொறித்தபடி நின்று பார்க்கிறான். கார் அமிழ்ந்துகொண்டே போய், பாதியில் நின்றுவிடுகிறது. அவன் சுற்றுமுற்றும் பார்க்கிறான். நமக்குப் பக்கென்கிறது. 'முழுகித் தொலையேன்' என்று உள்ளுக்குள் ஒரு குரல். சற்றுமுன் வரை அந்தப் பெண்ணுக்காகப் பதறிய நாம் எப்போது இவன் கட்சிக்கு மாறினோம்? அம்மா செய்த கொலையை மறைக்கிற பிள்ளை என்று முதல் தடவை நம்பியிருப்போம், சரி. உண்மை தெரிந்து பார்க்கும்போதும் அதே இடத்தில் பதறுகிறதே!

நம்மூர் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) யார் கொலைகாரன் என்பதை ஒளிக்கவே இல்லை. கமல்தான் என்று நமக்குத் தெரியும்; கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வரும் ஸ்ரீதேவிக்குத் தெரியாது. அவர் சும்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது.

பங்களா விஷயம் வெறும் சோம்பேறித்தனம். கத்தினாலும் யாருக்கும் கேட்காது, எழுதுகிறவருக்கு வசதி. உங்கள் பக்கத்து ஒண்டுக்குடித்தனத்தில் பூட்டி வைக்கத் தனி அறை ஏது? அடுத்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் என்பதுவரை தெரியும். தண்ணி லாரி வந்தும் யார் குடம் வரிசையில் இல்லை என்று ஆயா கேட்டுவிடும். அங்கே ஒருவன் எதையாவது மறைப்பதென்றால் விடிந்ததிலிருந்து நடித்தாக வேண்டும். தினமும் மூன்று விசில் வரும் சுவருக்குப் பின்னாலிருந்து இன்று ஐந்து விசில் வந்தால், யாருக்குச் சமையல்? எனக்கு இப்போதே அந்தக் கதவைத் தட்டவேண்டும் போலிருக்கிறது.

வடசென்னை என்றாலே கத்தியும் பழிவாங்கலும் என்று பழகிவிட்ட சினிமாக்காரர்களுக்கு இது தோன்றாது. நீங்களே எழுதுங்கள். அனுப்பினால் கட்டாயம் படிக்கிறேன், டாக்டர் மட்டும் கொலைகாரனாக வேண்டாம்.