முதலில் இரண்டு ரம் போதும்

கே: டைக்கிரி, மை தாய் மாதிரி ரம் காக்டெயில் எல்லாம் வீட்டில் கலக்க ஆசை. எத்தனை வகை ரம் வேண்டும்? (பெரம்பூர் வாசகர்)

ஒரு வெள்ளை ரம், ஒரு டார்க் ரம். டைக்கிரிக்கு வெள்ளை ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 25, சர்க்கரைப் பாகு 20. நம் நாட்டு டார்க் ரம்மில் பெரும்பாலும் வெனிலா வாசம் தூக்கலாக இருக்கும். கோலாவுக்கு அருமை, டைக்கிரியில் ஊற்றினால் எலுமிச்சையை அமுக்கிவிடும்.

கே: சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வருகிறார். என்ன வாங்கிவரச் சொல்லலாம்? (மடிப்பாக்கம் வாசகர்)

ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் வரை கொண்டுவரலாம். ஒரு ஜமைக்கா ரம், ஒரு கோயன்ட்ரோ (ஆரஞ்சுத் தோல் சுவையுள்ள இனிப்பு மது) கேளுங்கள். 1944இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பார் முதலாளி விக்டர் பெர்ஜரான் முதல் மை தாயைக் கலந்தது 17 வருடம் ஊறிய ஜமைக்கா ரம்மில்தான். நல்ல ஜமைக்கா ரம்மைத் திறந்தாலே தோல் கறுத்த வாழைப்பழ வாசம் வரும். அதற்கு ஈடு வேறில்லை. கோயன்ட்ரோவில் 40 சதவீதம் ஆல்கஹால். அதே வகை ஆரஞ்சு மதுவான மலிவான ட்ரிபிள் செக் பலவற்றில் அது குறைவு, சர்க்கரை அதிகம். அதுதான் கிடைத்தது என்றால் பாகைக் குறையுங்கள்.

கே: புளூ குராசோ என்ற நீல நிற ஆரஞ்சு மது அவசியமா?

இல்லை. கரீபியனில் உள்ள குராசோ தீவின் லராஹா என்ற கசப்பு ஆரஞ்சுத் தோல்தான் சுவை. நீலம் வெறும் சாயம்.

கே: பினா கொலாடாவில் தேங்காய்ப்பால் திரிந்துவிடுகிறது. ஏன்? (மயிலாப்பூர் வாசகி)

எனக்கும் முதல் தடவை மோர் மாதிரி திட்டுத்திட்டாகப் பிரிந்துபோனது, அம்மா. அன்னாசியின் புளிப்பு பட்டால் வெறும் தேங்காய்ப்பால் திரியும். இந்தப் பானம் கரீபியன் தீவான பியூர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தது. 1978இல் அத்தீவின் தேசிய பானமாகவே அறிவித்தார்கள். அங்கே ஊற்றுவது பால் அல்ல, சர்க்கரை சேர்த்த கெட்டித் தேங்காய் க்ரீம். நாமே செய்யலாம். முதல் பாலை மட்டும் எடுத்து, சம எடை சர்க்கரை போட்டு, சிறு தீயில் கொதிக்கவிடாமல் கரையுங்கள். ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். சென்னை வெயிலில் வெளியே வைத்தால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும், அன்றே தீர்த்துவிடுங்கள். அப்புறம் மிக்ஸியில் ஐஸ், அன்னாசி, 60 மில்லி வெள்ளை ரம்மோடு ஒரே சுற்று. இனிப்பில் மது இருப்பதே தெரியாது, அளந்தே ஊற்றுங்கள். வண்டி ஓட்டப் போகிறவருக்கு ரம் இல்லாமல் கொடுங்கள்.

கே: சமையல் குறிப்பில் லைம் என்கிறார்கள். எங்கே வாங்குவது? (அண்ணா நகர் வாசகர்)

உங்கள் தெரு முனையிலேயே. கரீபியனில் பிழிவதும் நம் எலுமிச்சை இனம்தான். சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டிய பெரிய லெமனைத் தேடிப் போகாதீர்கள். கோயம்பேட்டில் தோல் மெலிந்து, கையில் கனக்கும் பழமாகப் பொறுக்குங்கள். நகத்தால் லேசாகக் கீறினால் எண்ணெய் பீச்ச வேண்டும். சாற்றைக் கலக்கும் நேரத்தில் மட்டும் பிழியுங்கள்.