‘நைஸ்’ கடந்து வந்த பாதை: கேள்வி பதில்

கேள்வி: ‘நைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் முட்டாள் என்று பொருளாமே, உண்மையா சார்?

பதில்: உண்மைதான். லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். ‘நெ’ இன்மையைக் குறிக்கும், ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். சயின்ஸும் இந்த ‘ஸ்கீரே’ வழி வந்ததுதான். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ஒருவரை ‘நைஸ்’ என்றால் அது வசவு.

கேள்வி: வசவு எப்படிப் பாராட்டாக மாறியது?

பதில்: ஒரே தாவலில் மாறவில்லை. அறிவில்லாதவன் என்பதிலிருந்து ஆடம்பரக்காரன், ஒழுக்கம் கெட்டவன் என்று ஒரு கிளை போனது. கூச்சக்காரன், எதிலும் நொட்டை சொல்பவன் என்று இன்னொரு கிளை. நொட்டை சொல்பவனுக்குச் சின்ன வித்தியாசம்கூடக் கண்ணில் படும் இல்லையா? அப்படித்தான் 16ஆம் நூற்றாண்டில் ‘நுட்பமான, துல்லியமான’ என்ற பொருள் வந்தது. நுட்பமான வேறுபாட்டை ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று இன்றும் எழுதுகிறார்களே, அது இதன் மிச்சம். ‘இனிமையான’ என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது.

கேள்வி: ‘ரோமியோ ஜூலியட்’ பாடத்தில் பாதிரியார் லாரன்ஸ், ‘தி லெட்டர் வாஸ் நாட் நைஸ்’ என்கிறார். கடிதம் நன்றாக இல்லை என்றா எழுதுவது?

பதில்: இல்லைம்மா, அப்படி எழுதினால் காட்சியே கெட்டுவிடும். ஜூலியட் சாகவில்லை, மருந்து குடித்து மயங்கித்தான் கிடக்கிறாள் என்று ரோமியோவுக்குச் சொல்ல வேண்டிய கடிதம் அது. எடுத்துப் போனவரைக் கொள்ளைநோய் பயத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டதால் போய்ச் சேரவில்லை. இங்கே ‘நைஸ்’ என்றால் அற்பமான. ‘அது சாதாரணக் கடிதமில்லையே’ என்று அவர் பதறுகிறார். பழைய ஆங்கிலத்தில் நமக்குத் தெரிந்த சொல்லிடம்தான் அதிகக் கவனம் வேண்டும். தெரியாத சொல்லுக்கு எப்படியும் அகராதியைப் புரட்டுவோம்.

கேள்வி: எதற்கெடுத்தாலும் ‘நைஸ்’ போடக்கூடாது என்று ஆங்கில ஆசிரியர்கள் சொல்வது ஏன்?

பதில்: பழைய புகார்தான். 1817 இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தேங்கர் அபி’ நாவலிலேயே நாயகன் ஹென்றி டில்னி இதற்காக நாயகி கேத்தரினைக் கிண்டல் செய்கிறான். ஆரம்பத்தில் இந்தச் சொல் நேர்த்திக்கும் நயத்துக்கும் மட்டும் வழங்கியிருக்கும் என்பது அவன் வாதம். அதற்கும் முன்னால் இருந்த முட்டாள் பொருள் அவன் கணக்கில் இல்லை!

கேள்வி: அப்படியானால் என்னை ‘நைஸ்’ என்பவரிடம் கோபப்படலாமா?

பதில்: வேண்டாம். முதலில் வந்த பொருள்தான் உண்மையான பொருள் என்று எந்த விதியும் இல்லை. இன்று ‘அசடு’ என்ற வசவாக இருக்கும் ‘சில்லி’க்கும் பழைய பொருள் பாக்கியசாலி. அதைச் சொல்லி யாரையும் சமாதானப்படுத்த முடியாது.

கேள்வி: நாம் சொல்லும் ‘நைசா’?

பதில்: ‘மாவை நைசா அரை’ என்பதில் மென்மை, நுண்மை என்ற ஆங்கிலப் பொருளின் சாயல் இருக்கிறது. ‘வேலை நேரத்தில் நைசா நழுவிட்டான்’ என்பதை ஆங்கிலேயரிடம் சொன்னால் விழிப்பார். அந்தப் பொருள் நம்முடையது.