மருந்துக்கு முன்னால் குழாயை எடுங்கள்

கேள்வி: என் 200 லிட்டர் பவளத் தொட்டியில் இரண்டு மாதமாகத் துரு நிறத்தில் சின்னத் தட்டைப்புழுக்கள். முதலில் கண்ணாடியில் பத்து இருபது இருந்தன. இப்போது மணலே சிவந்து கிடக்கிறது. புதிதாக வாங்கிய அக்ரோபோரா பவளமும் வெளுக்கிறது. கடைக்காரர் மருந்து தந்து, இரண்டு பங்காக ஊற்றினால் ஒரே நாளில் தீரும் என்கிறார். ஊற்றலாமா?

பதில்: இன்றைக்கு வேண்டாம். மருந்து நன்றாகவே வேலை செய்யும், அதுதான் பயம். இந்தப் புழு சாகும்போது நச்சை வெளியே விடும். மணல் சிவக்கும் அளவுக்கு இருப்பவை ஒரே மணி நேரத்தில் செத்தால் மீன்கள் தாங்காது. அவசரப்பட்டு நானே ஒருமுறை இரண்டு மீன்களைப் பறிகொடுத்தேன். இரண்டு பங்கு ஊற்றச் சொல்பவர் செத்த மீனுக்குப் பதில் மீன் தரப்போவதில்லை.

முதலில் காற்றுக்குழாய் ஒன்றை எடுங்கள். புழுவின் உடலில் பாசி வாழ்கிறது, அதற்கு வெளிச்சம் வேண்டும். அதனால் விளக்கு போட்டு ஓரிரு மணி நேரம் ஆனதும், நீரோட்டம் குறைந்த மூலைகளில் கம்பளம் விரித்தாற்போல் கூடும். பம்பை நிறுத்திவிட்டு உறிஞ்சுங்கள். கீழே வாளியில் மெல்லிய துணி கட்டினால் எத்தனை வந்தன என்று தெரியும். சுரண்டி நசுக்காதீர்கள், துண்டுகளும் பிழைத்து வளரும். தினமும் கால் மணி நேரம், ஒரு வாரமோ இரண்டு வாரமோ. சலிப்பான வேலைதான்; ஆனால் துணியில் விழும் சிவப்பு நாளுக்கு நாள் குறைவதைப் பார்த்தால் விடமாட்டீர்கள்.

தேடித்தான் பார்க்க வேண்டும் என்ற நிலை வந்ததும் மருந்து. பாறை, மணல் போக மிச்சமுள்ள தண்ணீருக்குக் கணக்கிட்டு, லேபிளில் உள்ள அளவு மட்டும். நச்சை உறிஞ்சும் புதுக் கார்பனும், கலந்து வைத்த உப்புநீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சுருண்டு மிதப்பவற்றை உடனே உறிஞ்சிவிட்டு, தண்ணீர் மாற்றி, கார்பன் போடுங்கள். மீன் மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் அப்போதே. தப்பியவை இருக்கும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. ஆறுகோட்டு ராஸ் மீனை நம்பி வாங்காதீர்கள். சிலது தின்னும், சிலது திரும்பிக்கூடப் பார்க்காது.

சரி, நீங்கள் கேட்காமல் விட்டது அக்ரோபோராவைப் பற்றி. துருப்புழு பவளத்தைத் தின்னாது. மேலே படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும், அவ்வளவுதான். வெளுத்த இடத்தில் வட்ட வட்டமாகக் கடித்த தடம் தெரிந்தால் அது வேறு புழு. பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குச் சிக்காது. வெள்ளைக் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீர் எடுத்து, பவளத்தை அதில் பிடித்து, சொட்டுக்குழாயால் அதன்மேல் பலமாகத் தண்ணீரைப் பீச்சுங்கள். முட்டை வடிவத்தில் ஏதாவது உதிர்ந்தால் அன்றே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். பவளத்தை முக்கியெடுக்கும் மருந்து புழுவை உதிர்க்கும், முட்டையைத் தொடாது. முட்டைகள் அடிப்பக்கத்தில், உயிர்த்தசை இல்லாத எலும்பில், பழுப்புத் திட்டாக ஒட்டியிருக்கும். அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை முக்கி, கிண்ணத்தில் எதுவும் உதிராத வாரங்கள் தொடர்ந்து வரும்வரை தனித் தொட்டியிலேயே வையுங்கள்.