சமகால பிலிப்பைன்ஸ் கலையின் கூறுகள், நெறிகள், வடிவங்கள் என்னென்ன?

கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை என்றாலும், பிலிப்பைன்ஸ் பள்ளியில் பதினோராம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கூறுகள், நெறிகள், வடிவங்கள் என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பது இங்குள்ள மேல்நிலை வகுப்புக் கலைப் பாடத்தின் வழக்கம். பதினான்கு ஆண்டுகளாக மணிலாவில் குடியிருப்பவள் என்பதாலும், இதே கேள்விக்கு என் மகளுக்கு அரைகுறையான பதிலைச் சொல்லிக்கொடுத்தவள் என்பதாலும் இதை எழுதுகிறேன். நான் கலை படித்தவள் அல்லள், கணக்காளராக வேலை பார்ப்பவள். ஆகவே நானே பார்த்ததையும், மகளின் பாடத்துக்காகத் தேடிப் படித்ததையும் மட்டும் சொல்கிறேன்.

அன்று நான் சொல்லிக்கொடுத்தது இதுதான்: கோடு, உருவம், நிறம், வெளி முதலியவை கூறுகள், சமநிலை, லயம், விகிதம், அழுத்தம், ஒருமை முதலியவை நெறிகள். இதில் பிழையில்லை. ஆனால் இது உலகத்தில் எந்த ஓவியத்துக்கும் பொருந்துகிற பட்டியல்; நம் வாசலில் போடும் கோலத்துக்கும் பொருந்தும். பிலிப்பைன்ஸ் சமகாலக் கலைக்கு அந்தப் பாடம் கூறுகளாகச் சொல்பவை வேறு ஐந்து: எடுத்தாளுதல், நிகழ்த்துதல், இடம், கலப்பு, தொழில்நுட்பம். முதல் பட்டியல் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியது. இரண்டாவது, கலைஞர் எதை எங்கிருந்து எடுத்து, எங்கே வைத்து, யாரோடு சேர்ந்து செய்கிறார் என்பதைப் பற்றியது. இணையத்தில் கிடைக்கும் பதில்கள் பல இரண்டையும் கலந்து கொடுப்பதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். அதேபோல், நவீனக் கலை வேறு, சமகாலக் கலை வேறு. ஓவியர் அமோர்சோலோ வரைந்த வெயில் பொழியும் வயல்வெளிகளுக்கு எதிராக, சேறும் வியர்வையுமாக உழைப்பாளிகளை வரைந்து 1928இல் விக்டோரியோ எடாடெஸ் மணிலாவை அதிரவைத்தது நவீனத்தின் தொடக்கம். சமகாலம் என்று பாடம் சொல்வது ஏறத்தாழ 1970களுக்குப் பிறகு வந்ததை.

ஐந்து கூறுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓர் உதாரணத்தோடு கட்டுரை எழுத வேண்டும் என்றபோது, என் மகள் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டாள். அந்த டிசம்பரில் உடன் பணிபுரியும் ஒருவர் தம் சொந்த ஊரான பம்பாங்கா மாகாணத்துச் சான் பெர்னாண்டோவுக்கு எங்களை அழைத்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு சனிக்கிழமை அங்கே ராட்சத விளக்குப் போட்டி நடக்கும். ஏறக்குறைய இருபதடி உயரத்தில் ஆயிரக்கணக்கான பல்புகளுடன் ஊர்ப்பகுதிக்கு ஒரு விளக்கு நிற்கும். வாத்தியம் தொடங்கியதும் நடுவிலிருந்து நிறங்கள் இதழிதழாக விரிந்து, சுழன்று, பாட்டின் தாளத்துக்கு ஏற்ப ஒடுங்குவதைப் பார்த்து, கணினிதான் இதை இயக்குகிறது என்று நான் உறுதியாக நம்பினேன்.

மகள் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். அங்கே கணினி எதுவும் இல்லை. படுக்கைவாட்டில் பெரிய இரும்பு உருளைகள் இருந்தன. ஒவ்வொரு பல்புத் தொகுதியிலிருந்தும் வருகிற கம்பி, தலையில் செருகும் சாதாரணக் கொண்டை ஊசி ஒன்றில் வந்து முடிகிறது. ஊசிகள் வரிசையாக நின்று உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. உருளையில் மின்சாரம் பாய்கிறது. அதன்மேல் கட்டம் கட்டமாகக் காகித டேப் ஒட்டியிருக்கிறார்கள். டேப் ஒட்டிய இடம் ஊசிக்கு அடியில் வந்தால் அந்த விளக்கு அணையும், வெற்று இரும்பு வந்தால் எரியும். ஒருவர் பாட்டைக் காதில் வாங்கியபடியே உருளையைக் கையால் சுற்றுகிறார். எந்த நிறம் எந்த அடிக்கு எழ வேண்டும் என்பது முழுவதும் அந்த டேப்பில்தான் இருக்கிறது. ரொடோல்ஃபோ டேவிட் என்ற விளக்குக் கைவினைஞர் 1957இல் கொண்டுவந்த முறை இது என்று பிறகு படித்தேன். மகள் தரையில் குந்தி உட்கார்ந்து, டேப் ஒட்டிய வரிசையை நோட்டில் கட்டம் போட்டு வரைந்துகொண்டாள். தாளில் பார்த்தபோது நெசவுக்குப் போடும் வரைபடம் போலவே இருந்தது.

அதை வைத்து அவள் எழுதிய எட்டுப் பக்கக் கட்டுரை பாதி மதிப்பெண்ணோடு திரும்பி வந்தது. ‘இது நாட்டுப்புறக் கைவினை, சமகாலக் கலை அன்று, தொழில்நுட்பம் என்பது டிஜிட்டல் ஊடகத்தைக் குறிக்கும்’ என்று ஓரத்தில் எழுதியிருந்தது. நான் போய்க் கேட்டேன். ஆசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். பாடநூலில் உதாரணமாகக் காணொளிப் படைப்புதான் இருக்கிறது என்றார். மதிப்பெண் மாறவில்லை. மகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் இன்றுவரை ஆறவில்லை.

கலைக் கல்லூரியில் படித்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால், மரபுக் கலையையும் சமகாலக் கலையையும் நான் ஒன்றாக்குகிறேன் என்று சொல்லக்கூடும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. விளக்கு வழக்கம் பழையது என்பது உண்மை. ஆனால் அந்த ஆண்டுப் பாட்டுக்காக அந்த ஆண்டு யோசித்து ஒட்டிய டேப் பழையது அன்று. மேலும், அந்தப் பாடத்தின் பெயரே ‘பிராந்தியங்களின் சமகாலப் பிலிப்பைன்ஸ் கலைகள்’ என்பது. மணிலாக் காட்சிக்கூடங்களுக்கு வெளியே பார் என்பதற்காகவே அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. தெற்கே மிண்டனாவோ தீவில் உள்ள செபு ஏரிக் கரையில் வாழை இனத்து அபாக்கா நாரில் கனவில் கண்ட வடிவங்களை நெய்த டிபோலி இனத்து லாங் துலாய் என்ற மூதாட்டிக்கு, மக்கள் படைப்பாளர் விருதை இந்த நாட்டு அரசே 1998இல் கொடுத்திருக்கிறது. அரசு மதிக்கிற கைகளைப் பள்ளிக்கூடம் ஏன் இரண்டாம் வரிசையில் உட்காரவைக்க வேண்டும்?

மற்ற நான்கு கூறுகளுக்கு எளிதில் மதிப்பெண் கிடைக்கும் உதாரணங்கள் உண்டு. எடுத்தாளுதலுக்கு பென்காப் என்று அழைக்கப்படும் பெனடிக்டோ காப்ரேரா. லண்டனில் வாழ்ந்த காலத்தில், காலனி ஆட்சிக்காலத்துப் பிலிப்பைன்ஸ் மக்களைக் காட்டும் பழைய படங்களைத் தேடிச் சேகரித்தார்; வேடிக்கைப் பொருளாக எடுக்கப்பட்ட அந்த முகங்களைத் தம் ஓவியங்களில் மறுபடி வரைந்து, மனிதர்களாக நம்மை நேருக்கு நேர் பார்க்கவைத்தார். வடக்கே மலைநகரமான பாகியோவுக்கு அருகே அவருடைய அருங்காட்சியகம் இருக்கிறது. நெற்குதிர்களைக் காக்கும் இஃபுகாவ் மக்களின் புலுல் மரச்சிற்பங்களை அங்கே வரிசையாகக் காணலாம். நிகழ்த்துதலுக்கு டேவிட் மெடாலா: 1968இல் நீளமான துணியொன்றைத் தொங்கவிட்டு, வருகிறவர்கள் ஊசியும் நூலும் எடுத்துத் தாங்கள் விரும்பியதைத் தைக்கலாம் என்று விட்டுவிட்டார், பார்க்க வந்தவர்களின் கைவேலைதான் அந்தப் படைப்பு. இடத்துக்கு ரொபெர்டோ வில்லானுவேவா: பாகியோவிலிருந்து வந்து, 1989இல் மணிலாவின் பண்பாட்டு மைய வளாகத்தில், கார்டிலேரா மலை நாணலைக் கொண்டு சுற்றிச் சுற்றி உள்ளே போகும் புதிர்ப்பாதை அமைத்தார். அது மக்கிப்போகும் என்று தெரிந்தே செய்தார்.

கலப்பைப் பற்றிச் சற்று அதிகமாகச் சொல்ல வேண்டும். ‘இந்த நாட்டுக்கென்று என்ன கலை இருக்கிறது, ஸ்பானியர் விட்டதும் அமெரிக்கர் விட்டதும்தானே’ என்று இங்குள்ள நம்மவர்களே விருந்துகளில் பேசக் கேட்டிருக்கிறேன். போருக்குப் பின் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு, குதிரையும் மாதாவும் குடும்பத்தார் பெயர்களும் எழுதி ஜீப்னி என்ற பயணிகள் வண்டியாக ஆக்கிய பிறகு, அதை அமெரிக்க வண்டி என்று யார் சொல்வார்கள்? படானெஸ் தீவில் பிறந்த பசிட்டா அபாட், ஓவியத் துணிக்குப் பின்னால் பஞ்சு திணித்துத் தைத்து, மேலே சோழியும் கண்ணாடித் துண்டும் பொத்தானும் பதித்தார்; அந்தத் தையல் முறையின் பெயர் இத்தாலியம், பொருள்கள் பல நாட்டுச் சந்தைகளில் வாங்கியவை, படைப்பு முழுக்க அவருடையது. சிங்கப்பூர் ஆற்றின் மேல் வண்ண வட்டங்களோடு நிற்கும் அல்காஃப் பாலம் 2004இல் அவர் தீட்டியது. அங்குள்ள தமிழர்கள் பலர் அதன்மேல் நடந்திருப்பார்கள்.

நெறிகளுக்கு லுக்பான் ஊரைச் சொல்வேன். மே 15 அன்று, உழவர்களின் காவலரான புனித இசிதோரின் திருநாளில், வீட்டு முகப்புகளைக் கிப்பிங் கொண்டு மூடுவார்கள். அரிசி மாவைக் கரைத்து, நிறமேற்றி, இலையின் மேல் ஊற்றி வேகவைத்து, காய்ந்தபின் உரித்தெடுப்பது கிப்பிங்; இலை நரம்பு அப்படியே அதில் பதிந்திருக்கும். நம் வீட்டு இலை வடாமேதான் என்று முதல் முறை கையில் எடுத்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒரு கிப்பிங் சுவருக்குப் போதாது. நூற்றுக்கணக்கில் அடுக்கிச் சரவிளக்காகத் தொங்கவிடும்போது லயமும் சமநிலையும் அங்கே தெரிகின்றன. வெற்றிடம் விடாமல் நிரப்புவது இந்த நாட்டின் தனி நெறி என்றே எழுதலாம். ஜீப்னியிலும் அதைப் பார்க்கலாம், தெற்கே மரனாவ் மக்களின் ஒகிர் மரச்செதுக்கலிலும் பார்க்கலாம். அந்தச் செதுக்கலில் வரும் பாம்பு வடிவத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நாகா.

வடிவங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: ஓவியம், சிற்பம், கட்டடம், நெசவு, நாடகம், நடனம், இசை, திரைப்படம், இலக்கியம், இவற்றோடு ஓர் இடத்தையே படைப்பாக மாற்றும் நிறுவல் கலை, நிகழ்த்துக் கலை என்று எழுதினால் போதும். வடிவங்களுக்கு இடையே வேலி இல்லை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

முடிந்தால் டிசம்பரில் பிள்ளையைச் சான் பெர்னாண்டோவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விளக்கை முன்னால் நின்று பார்த்த பிறகு பின்பக்கம் போங்கள்; போட்டி நடக்கும்போது உருளை சுற்றுபவர்களுக்குப் பேச நேரம் இருக்காது, முடிந்தபின் கேட்டால் காட்டுவார்கள். எங்களுக்குக் காட்டியவர் உருளையிலிருந்து ஒரு சாண் டேப்பை உரித்து என் மகளிடம் கொடுத்தார். அவளுடைய நோட்டில் அந்தக் கட்டங்களுக்குப் பக்கத்தில் அது ஒட்டியிருக்கிறது. கொண்டை ஊசிகள் உரசிய கறுப்புக் கோடுகள் அதில் இன்னும் இருக்கின்றன.