மச்சாளின் பகிடியும் மகளின் கண்ணாடியும்

கேள்வி: மகளுக்கு 8 வயது. கணவர் கட்டாரில். ‘ஹில்டா’ என்ற கார்ட்டூன்தான் அவளுக்கு இப்போது உலகம். தலைமயிருக்கு நீலச்சாயம் பூசச் சொல்கிறாள், குட்டி மனிதர்களுக்கு என்று துண்டுக் கடிதம் எழுதி யன்னலில் வைக்கிறாள், அலுமாரிக்குப் பின்னால் யாரோ இருப்பதாகச் சொல்கிறாள். இரண்டாவது சீசன் முடிந்த அன்று ஏசி, போனிலிருந்து நெட்ஃபிளிக்ஸை அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு தனியாகப் படுக்கிறாள் இல்லை. காலையில் எழும்பியதும் கண்ணாடிக்கு ஓடுகிறாள். போன கிழமை மச்சாள் வீட்டில், “உன்னை ஆஸ்பத்திரியில மாத்திப்போட்டாங்கள்” என்று மச்சாள் பகிடிக்குச் சொல்ல, நானும் ஓமென்று தலையாட்டினேன். அதற்கு ஒரு மணித்தியாலம் அழுதாள். கார்ட்டூன் பார்த்தால் மூளை கெடுமா? அடியோடு நிறுத்தவா?
– ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: தங்கச்சி, கார்ட்டூனைப் பற்றிப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தத் தலையாட்டலுக்கு வாருங்கள்.

எட்டு வயதுப் பிள்ளையிடம், நாலு சொந்தக்காரர் முன்னால், நீ எங்கள் பிள்ளை இல்லை என்று சொல்லப்பட்டது. சொன்னது மச்சாள். அவர் சொன்னதில் பாரமில்லை, பிள்ளை அவரை நம்பியிருக்கவும் மாட்டாள். உடனே உங்கள் முகத்தைத்தான் பார்த்திருப்பாள். நீங்கள் ஓமென்றீர்கள். தகப்பன் கடல் கடந்து இருக்கிற வீட்டில் அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே சாட்சி நீங்கள். நம் சனத்தில் தவிட்டுக்கு வாங்கினது, கோயில் வாசலில் எடுத்தது, ஆஸ்பத்திரியில் மாறினது என்று பிள்ளைகளை அழ வைத்துப் பார்ப்பது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. அது கெட்ட பழக்கம். பெரியவர்கள் சிரிப்பதற்குப் பிள்ளையின் பிறப்பை எடுக்கக் கூடாது.

அதிலும் எந்த நேரத்தில் சொன்னீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது. நீங்கள் அந்தத் தொடரைப் பார்க்கவில்லை. அது பிரித்தானியச் சித்திரக்காரர் லூக் பியர்சன் வரைந்த படக்கதைப் புத்தகங்களிலிருந்து வந்தது. காட்டில் தாயோடு வளர்ந்த பிள்ளை ட்ரோல்பெர்க் என்ற மதில் சூழ்ந்த நகரத்துக்குக் குடிவருகிறாள். மதிலுக்கு வெளியே ட்ரோல்கள், வெயில் பட்டால் கல்லாகிப்போகிற பூதங்கள். இரண்டாவது சீசனில் ஹில்டா தாய்க்குப் பொய் சொல்கிறாள், தாய் கண்டுபிடித்து ஏசுகிறாள், வெளியே போகத் தடை போடுகிறாள். கடைசிப் பகுதியில் இருவரும் சண்டையோடு மலைக்குள் ட்ரோல்களின் இடத்தில் மாட்டுப்பட்டு, ஒருவரையொருவர் சமாதானப்படுத்தி வீடு வந்து சேர்கிறார்கள். அப்பாடா என்று இருக்கும்போது ஒரு ட்ரோல் தாய் தன் பிள்ளையையும் ஹில்டாவையும் மாற்றிவிடுகிறாள். ஹில்டா மலைக்குள் ட்ரோல் உருவத்தில் கண் விழிக்கிறாள். வீட்டில் அவள் கட்டிலில் ட்ரோல் பிள்ளை. சீசன் அந்த இடத்தில் முடிகிறது.

அம்மா ஏசினாள், பிள்ளை மாறிவிட்டது. இதைப் பார்த்த அன்றே நீங்களும் ஏசினீர்கள், மிச்சக் கதையையும் பறித்தீர்கள். போதாததற்கு, உன்னையும் மாற்றிவிட்டார்கள் என்பதற்குத் தலையாட்டினீர்கள். காலையில் அவள் ஏன் கண்ணாடிக்கு ஓடுகிறாள் என்று இன்னுமா கேட்கிறீர்கள்?

இன்றைக்கே செய்யுங்கள். அவளுடைய கிளினிக் கொப்பியை எடுங்கள். பிறந்த திகதி, நிறை எல்லாம் அதில் இருக்கிறது. நிறைக்கோட்டில் மருத்துவ மாது போட்ட ஒவ்வொரு புள்ளியையும் அவள் விரலை வைத்துத் தொடச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குப் பிறந்தாள், வெளியே யார் காத்திருந்தார்கள், முதலில் யார் தூக்கியது, தகப்பனுக்கு யார் சொன்னது, இதெல்லாம் வாயால் சொல்லுங்கள். உடம்பில் பிறப்பிலிருந்தே மச்சம் இருந்தால் பிறந்த நேரத்துப் படத்தில் அதைக் காட்டுங்கள். பிறகு, “நான் தலையாட்டினது பிழை” என்று சொல்லுங்கள். “சும்மா பகிடிதானே” என்பதைப் பின்னால் ஒட்டாதீர்கள். ஒட்டினால் அவள் அழுததுதான் பிழை என்றாகிவிடும். இரவு தனியே படு என்று இந்த மாதம் வற்புறுத்த வேண்டாம்.

அடுத்தது கதையை முடித்துக் கொடுப்பது. இதில் அநேகம் பெற்றோர் சறுக்குகிறார்கள். இரண்டாவது சீசனுக்குப் பிறகு வருவது மூன்றாவது சீசன் அல்ல, ‘ஹில்டாவும் மலையரசனும்’ (Hilda and the Mountain King) என்ற படம். நெட்ஃபிளிக்ஸில் அது தொடரின் பட்டியலுக்குள் இல்லை, தனிப் படமாக இருக்கிறது. அதனால் தொடரை ஓடவிட்டால் படத்தைத் தாண்டி நேரே மூன்றாவது சீசனுக்குப் போய்விடும், ஹில்டா எப்படித் திரும்பினாள் என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போகும். தேடலில் ஹில்டா என்று அடித்துப் படத்தைத் தனியாக எடுங்கள். இரண்டாவது சீசன் 2020 டிசம்பரில் வந்தது, படம் 2021 டிசம்பர் 30இல். புத்தகம் வாசித்தவர்கள் இதே இடத்தில் 2016இலிருந்து 2019 வரை காத்திருந்தார்கள். உங்கள் மகள் காத்திருக்க வேண்டியதே இல்லை, நீங்கள்தான் காக்க வைத்திருக்கிறீர்கள்.

படம் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். சனிக்கிழமை காலையில் பாருங்கள், இரவில் வேண்டாம். டேட்டா போதாவிட்டால் வைஃபை உள்ள இடத்தில் முதல்நாளே இறக்கி வையுங்கள். இரண்டாவது சீசனின் கடைசிப் பத்து நிமிடத்தை முதலில் ஓடவிட்டு, அதோடு சேர்த்துப் படத்தைப் போடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். வெங்காயம் உரித்துக்கொண்டோ போனில் வேறு வேலை பார்த்துக்கொண்டோ அல்ல. தாய் மகளைத் தேடிப் போகிற கட்டங்களில் அவள் உங்களைத் திரும்பிப் பார்ப்பாள். அந்த நேரம் உங்கள் முகம் அவள் பக்கம் இருக்கட்டும். ஹில்டா தன் உருவத்துக்குத் திரும்பி வீடு சேர்கிறாள். அதை முன்கூட்டியே சொல்லலாம், பயந்த பிள்ளைக்கு முடிவு தெரிந்திருப்பது நல்லது.

மூன்றாவது சீசன் 8 பகுதிகள், கடைசிப் பகுதி மட்டும் படம் போல நீளம். நாளுக்கு ஒன்று போதும். கணக்கு அமைப்பில் அடுத்த பகுதி தானாக ஓடுவதை நிறுத்திவிடுங்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். அதில் ஹில்டாவின் தகப்பன் நீண்ட காலத்துக்குப் பிறகு வருகிறார், அன்பான ஆள், ஆனால் நம்பி இருக்க முடியாத ஆள். உங்கள் கணவர் குடும்பத்துக்காகவே வெளிநாட்டில் கிடக்கிறார். அந்த வித்தியாசம் பிள்ளைக்குத் தானாக விளங்காது. அந்தக் கிழமை அவரை ஒவ்வொரு நாளும் வீடியோ அழைப்பில் வரச் சொல்லுங்கள், மகளோடு தனியாக, நீங்கள் இடையில் புகாமல்.

நீலச்சாயம் கூடாது, அந்த வயதுத் தோலுக்கு அது வேண்டாம், பாடசாலையும் விடாது. ஹில்டா போடுகிற மஞ்சள் கழுத்துத்துணி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அலுமாரிக்குப் பின்னால் இருப்பது தொடரில் வருகிற டொன்டு என்ற வீட்டுக் குள்ளன். குட்டி மனிதரிடமிருந்து கடிதம் வருவதும் தொடரில் உள்ளதுதான். எழுதட்டும், அது விளையாட்டு. பதில் கடிதம் நீங்கள் எழுதி வைத்தாலும் குற்றமில்லை. ஹில்டாவின் செல்லப்பிராணி பாதி மான், பாதி நரி. பிரெட்ரிக் கோட்டையில் மான் மேய்கிற ஊரில் இருந்துகொண்டு பிள்ளையை அறைக்குள் போனோடு வைத்திருக்கிறீர்களே! ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப்போங்கள், வரைகிற கொப்பியையும் பென்சிலையும் கொடுத்து.

ஒரு மாதத்துக்குப் பிறகும் கண்ணாடிப் பழக்கமும் இரவுப் பயமும் குறையாவிட்டால் பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள்.

மச்சாளிடம் நீங்களே பேச வேண்டும், கணவரைக் கொண்டு சொல்விக்க வேண்டாம். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள்: “மச்சாள், அந்தக் கதை இனி வேண்டாம், பிள்ளைக்கு நோகுது.” அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.