வீடியோ மிக்ஸரில் ஆடியோ கொடுத்தால் இரைச்சல்

கடலூர் மண்டபத்தில் ஆடியோ மிக்ஸரை, கேமராப் படங்களை மாற்றி ஒளிபரப்புக்கு அனுப்பும் வீடியோ மிக்ஸரோடு இணைத்ததும் "ம்ம்ம்" என்று இரைகிறது, குரலும் உடைகிறது என்கிறீர்கள். இரண்டும் தனித்தனிக் கோளாறு.

இரைச்சல் பெரும்பாலும் எர்த் லூப்தான், அதாவது இரண்டு கருவிகளின் எர்த்தும் ஆடியோ கேபிள் வழியே வளையமாக இணைந்துவிடுவது. மேடைக்கு ஒரு பிளக் பாயின்ட், கேமரா மேசைக்கு வேறொன்று என்றிருந்தால் கேபிள் உறை வழியே 50 ஹெர்ட்ஸ் ஓசை நுழையும். இரண்டுக்கும் ஒரே பாயின்ட்டிலிருந்து கரண்ட் எடுங்கள். முடியாவிட்டால் ஆடியோ லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் (ஒலியை மட்டும் கடத்தி, எர்த் இணைப்பைத் துண்டிப்பது) போடுங்கள். எர்த் பின்னைக் கழற்றினாலும் இரைச்சல் நிற்கும்தான். ஆனால் மைக் பிடித்தவருக்கு ஷாக் அடிக்கலாம். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

குரல் உடைந்தால், மிக்ஸரின் பலமான சிக்னலை, மெல்லிய சிக்னலுக்கான மைக் இன்புட்டில் கொடுத்திருப்பீர்கள். லைன் இன்புட்டுக்கு மாற்றுங்கள், வீடியோ மிக்ஸர் மீட்டரில் உச்சம் -6 டெசிபலைத் தாண்டக்கூடாது. ஆடியோ மிக்ஸரின் மெயின் அவுட்டைவிட ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ் (சத்தம் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுக்கும் தனி அவுட்) நல்லது. மண்டபச் சத்தத்தைக் குறைத்தாலும் ஒளிபரப்பில் குறையாது.

குரலைவிடப் படம் பிந்தினால் ஆடியோ டிலே (ஒலியைத் தாமதப்படுத்தும் அமைப்பு) கூட்டுங்கள்: நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிசெகண்ட்.