அரசே இல்லாத சந்தையா?

"சுதந்திரச் சந்தையில் அரசுக்கு வேலையே இல்லை" என்று விவாதத்தில் பேசப்போய், "அப்போ எது யாருடைய சொத்து என்று யார் தீர்ப்பது?" என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டேன் என்கிறீர்கள். சரி, அதைத் தீர்க்க அரசு வேண்டும் என்று விட்டுக்கொடுங்கள். குடிமுழுகிப் போகாது.

வானொலி அலைவரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் இரண்டு நிலையங்கள் ஒரே அலைவரிசையில் ஒலிபரப்பினால் இரண்டுமே உருப்படியாகக் கேட்காது. அமெரிக்க அரசு மனு வாங்கிப் பார்த்து, ஏலம் விடாமல் ஒதுக்கி வந்தது. உரிமையை வரையறுத்து விற்றுவிடலாமே என்று பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1959-இல் எழுதினார். அங்கே முதல் ஏலம் நடந்ததோ 1994-இல்! எல்லையை அரசு போட்டுக் கொடுத்தது, அப்புறம் விலையை ஏலம் பார்த்துக்கொண்டது. கோஸ் சந்தையை ஆதரிக்கும் உங்கள் அணி ஆள்தான், தைரியமாக மேற்கோள் காட்டலாம்.

இனி "அரசு வேண்டுமா" என்று மல்லுக்கட்டாதீர்கள். உரிமையை வரையறுத்த பிறகு அரசு எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று எதிரணியைக் கேளுங்கள்.